தோப்பில் என்ன சமைப்பது: ஜனவரி நாட்குறிப்பு

2026 ஜனவரி 7, புதன்

குடியரசு நாள் விடுமுறையை ஒட்டிக் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவாகிவிட்டது. புதுச்சேரியிலிருந்து நாத்தனார் குடும்பமும் வருகிறது. ஆக மொத்தம் ஒன்பது பேர். கூடாரத்துக்கும் பாய்க்கும் கொசுவத்திக்கும் ஆளாளுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பொறுப்பை மட்டும் யாரும் ஏற்கவில்லை; அது என்னுடையது என்று பேசாமலே முடிவாகிவிட்டது.

மாமாவின் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்றிருக்கிறார்கள்.

ஜனவரி 8, வியாழன்

பெரியவள் கைப்பேசியைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள்: மார்ஷ்மெலோ, பான்கேக், சுட்ட சாசேஜ், சோளக்கதிர். சோளக்கதிரை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

முடிவு வரவில்லை.

ஜனவரி 10, சனி

அவர் காலையில் சாமியார்பேட்டைப் பக்கம் போய்த் தோப்பைப் பார்த்துவிட்டு, நான் கேட்டபடி ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்தார். நாக்கில் வைத்ததுமே உவர்ப்பு தெரிந்தது. கைப்பிடி துவரம்பருப்பை அந்தத் தண்ணீரிலும், அதே அளவை வீட்டுக் கேன் தண்ணீரிலும் தனித்தனியாக வேகவைத்தேன். கேன் தண்ணீரில் வைத்தது முக்கால் மணி நேரத்தில் கரண்டிக்கு மசிந்தது. உவர்நீரில் வைத்தது அதற்குப் பிறகும் பருப்புப் பருப்பாகவே நின்றது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் பிணைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுவதால்தான் இப்படி ஆகிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் இதற்குப் பரிகாரம் இல்லை.

ஆகவே தோப்புச் சமையலை முடிவு செய்யப்போவது அடுப்பல்ல, தண்ணீர்தான். ஓர் ஆளுக்குக் குடிக்க மூன்று லிட்டர், எல்லோருக்குமான சமையலுக்கு ஒரு பன்னிரண்டு லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு இருபது லிட்டர் கேன் இரண்டு வேண்டும். இரண்டு நாளுக்கு நான்கு, கையிருப்பாக ஒன்று. உவர்நீர் பாத்திரம் கழுவவும் கைகால் கழுவவும் மட்டுமே.

இனி எந்தப் பலகாரத்தின் பெயர் வந்தாலும், வேக எவ்வளவு தண்ணீர், கழுவ எத்தனை பாத்திரம் என்றே என் மனம் கணக்குப் போடும் போலிருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

தண்ணீர்க் கணக்கில் தேறியவற்றை எழுதி வைக்கிறேன். அவல் முதலிடம் பெறுகிறது: சிவப்பு அவலைக் கழுவிப் பிழிந்து கால் மணி நேரம் மூடி வைத்தால் அடுப்பே வேண்டாம், வெல்லமும் ஏலக்காயும் சேர்த்தால் பிள்ளைகளுக்கு, எலுமிச்சையும் தாளிப்பும் சேர்த்தால் பெரியவர்களுக்கு. அடுத்தது ரவை உப்புமா; ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், ஒரே வாணலி. ரவையைக் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாயோடு வீட்டிலேயே வறுத்து ஆறவைத்து டப்பாவில் அடைத்துவிட்டால், அங்கே கொதிக்கும் தண்ணீரில் கொட்டிக் கிளறுவதோடு வேலை முடிந்தது. பச்சை முட்டைகளையும் அந்த ரவைக்குள்ளேயே புதைத்து எடுத்துப்போகலாம்; உடையாது.

துவரம்பருப்பு வேண்டாம். பாசிப்பருப்பு போதும், அது சீக்கிரம் வேகும். குக்கரில் ஒரு பங்கு அரிசி, அரைப் பங்கு பருப்பு, ஐந்து பங்கு தண்ணீர், மூன்று நான்கு விசில். பிறகு அடுப்பை அணைத்துவிட்டாலும் உள்ளே அடைபட்ட சூட்டில் பொங்கல் தானாகக் குழைந்துகொள்ளும். தேங்காய்ச் சட்னி கிடையவே கிடையாது. பொட்டுக்கடலைப் பொடியும் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் இருக்கும்போது, பிற்பகலிலேயே புளித்துப்போகும் ஒன்றைச் சுமந்து திரிவானேன்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு, மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் மூன்று செங்கல்லின் மேல் சமைத்த நாட்களில் அத்தை செய்ததெல்லாம் ஏறக்குறைய இவைதாம். அதற்கு அப்போது முகாம் என்று பெயர் வைக்கத் தோன்றவில்லை.

ஜனவரி 12, திங்கள்

முடிவு வந்துவிட்டது. இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியிருக்கிறது; சிறுநீரகம் தளர்ந்திருப்பதன் அடையாளம் அது. உப்பை நன்றாகக் குறைக்க வேண்டும். இளநீர் கூடாது, அதில் பொட்டாசியம் மிகுதி. இருபத்தேழாம் தேதி செவ்வாய்க்கிழமை மறு பரிசோதனை. அதுவரை வெளியே போகலாமா என்று கேட்டதற்கு, உணவு சரியாக இருந்தால் போகலாம் என்று மருத்துவர் சொன்னதாக அவர் சொல்கிறார். உணவு சரியாக இருந்தால் என்ற அந்த நிபந்தனை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை நான் அறிவேன்.

மாலை முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பனிப்பெட்டி இல்லாமல் கெடாதிருக்கும் உணவு என்று நம் வீடுகளில் எதை எடுத்தாலும், அதைக் காப்பது உப்பு, புளி, எண்ணெய், வெயில் ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் இருக்கிறது. அவற்றுள்ளும் உப்பு இல்லாத இடம் அரிது. ஊறுகாய், வடகம், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, புளிக்காய்ச்சல் என்று கட்டுச்சோற்றுக்குத் துணைபோகும் எல்லாமே மாமாவுக்கு ஆகாதவை. ஆரோக்கியமான ஒருவரே நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, வாழையிலையின் ஓரத்தில் வைக்கும் ஊறுகாயும் ஒரு மோர்மிளகாயும் இரண்டு அப்பளமும் சேர்ந்தே அதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்கலாமே என்றாள் நாத்தனார். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இன்னும் கெடுதல். தொலைபேசியிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சற்றுக் கடுமையாகவே.

அவருக்கென்று தனிச் சமையல் செய்தால் தண்ணீரும் பாத்திரமும் இரட்டிப்பாகும். அதைவிட, எல்லோர் நடுவிலும் தனித் தட்டில் பத்தியச் சோறு உண்பதற்கு மாமா ஒப்பவே மாட்டார்.

ஜனவரி 13, செவ்வாய்

விடை எளிதுதான்: எல்லோருக்கும் உப்பில்லாமலே சமைப்பது. உப்பு பொடியாக மேசையில் இருக்கும், வேண்டியவர் தூவிக்கொள்ளட்டும். மிளகு, சீரகம், எலுமிச்சை, பூண்டு, கொத்துமல்லி ஆகியவை உப்பின் இடத்தை ஓரளவு நிரப்பும். உப்புமாவுக்கு மட்டும் இது சரிப்படாது என்று அத்தை சொன்னார்கள். சரிப்பட வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பனங்கிழங்கு ஒரு கட்டு கூடுதலாக வாங்கச் சொன்னேன்.

ஜனவரி 18, ஞாயிறு

ஐந்து கிலோ சிலிண்டரையும் ஒற்றை அடுப்பையும் மாடியில் வைத்துப் பார்த்தோம். கடற்காற்று வீசியபோது சுடர் பக்கவாட்டில் ஓடி, ஆறு குவளைத் தண்ணீர் கொதிக்கக் கீழே ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனது. பழைய தகரத்தை மூன்று பக்கமும் வளைத்து நிறுத்திய பிறகு சீரானது. சிலிண்டர் தகரத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று அவரிடம் மூன்று முறை சொன்னேன்.

விறகடுப்பும் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். சவுக்கு விறகு பச்சையாகவே எரியும்; நல்ல தணல் தரும். ஆனால் தோப்பில் காலடியெல்லாம் சவுக்குச் சருகு, அது பஞ்சுபோலப் பற்றிக்கொள்ளும். வெறும் மணல் தெரியும்வரை சுற்றிலும் பெருக்கிவிட்டுக் குழிக்குள்தான் தீ மூட்டலாம். பக்கத்தில் ஒரு வாளி உவர்நீர். இரவில் குளிர்கிறது என்று தணலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும்.

ஜனவரி 20, செவ்வாய்

மீனைப் பற்றி வீட்டில் பெரிய விவாதம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மொத்தமாக வாங்கிப் போவதா, சாமியார்பேட்டையில் படகு கரையேறும்போது வாங்குவதா? நான் இரண்டாவதையே சொல்கிறேன். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை போன்றவை ஐஸ் இல்லாமல் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் அது அழியாது. கரையிலேயே வெட்டிக் கழுவி வாங்கி, அரை மணி நேரத்துக்குள் தோசைக்கல்லில் போட்டுவிட வேண்டும். சங்கரா கிடைத்தால் நல்லது.

கருவாடு இல்லாத கடற்கரையா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 21, புதன்

மாமா வரமாட்டேன் என்கிறார்.

ஜனவரி 22, வியாழன்

வருகிறாராம். பேத்தி என்ன சொன்னாளோ தெரியாது.

ரவை, பொடிகள், அவல், பாசிப்பருப்பு, எலுமிச்சை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோளம், பனங்கிழங்கு கட்டியாயிற்று. இலைக்கட்டு தனி, தட்டு கழுவும் வேலை இல்லை.

ஜனவரி 23, வெள்ளி, இரவு

முதல் வேளை வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான். பிற்பகலில் குழைய வடித்த சோற்றை மசித்துப் பாலை நிறைய ஊற்றி, வெதுவெதுப்பு அடங்கியதும் ஒரு கரண்டித் தயிர் கலந்து வந்தேன்; எட்டு மணிக்குப் புளிக்காத தயிர்சோறாகிவிட்டிருந்தது. மற்றவர்களுக்குப் புளியோதரை, மாமாவுக்கு உப்பில்லாத எலுமிச்சைச் சோறு. எலுமிச்சைச் சோற்றைப் பிள்ளைகளும் கேட்டு வாங்கிக்கொண்டதால், அவருக்கென்று செய்ததாக அது தெரியாமல் போனது. அதில் எனக்குப் பெரிய நிம்மதி.

எல்லாவற்றிலும் மணல். மூடி போட்ட பாத்திரத்துக்குள் எப்படிப் போகிறது?

ஜனவரி 24, சனி

காலை அவல், பத்து மணிக்குச் சங்கரா. மிளகு, மஞ்சள், பூண்டு, எலுமிச்சைச்சாறு தடவிப் பத்து நிமிடம் ஊறவைத்து, அவற்றை மட்டுமே நம்பிப் பொரித்தேன். அண்ணன் உப்புக் கிண்ணத்தைத் தேடினார். மாமா தேடவில்லை, இரண்டாவது துண்டும் கேட்டார். மாலையில் தணலில் கிழங்கும் சோளமும் சுட்டது பிள்ளைகளின் பொறுப்பு. கிழங்குகளைச் சாம்பலுக்குள் புதைத்து மறந்துவிட வேண்டும், கிளறிக்கொண்டே இருக்கக் கூடாது என்று சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

இரவு உப்புமா. உப்பில்லாத உப்புமாவைப் பற்றி அத்தை சொன்னது சரிதான். ஆனால் இட்லிப் பொடியும் எண்ணெயும் அதைக் காப்பாற்றின.

மாமாவின் கால் வீங்கியிருக்கிறதா என்று இருமுறை பார்த்தேன். இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு, பிற்பகல்

நாளையும் விடுமுறைதானே, இன்னும் ஓர் இரவு இருக்கலாம் என்று நாத்தனார் தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு முழுக் கேனும் இன்னொன்றில் கால்வாசியும் மிச்சம். இரவு பொங்கலுக்கும் குடிக்கவும் இது போதும். நாளைக் காலைக்குப் போதாது. புதுச்சத்திரத்துக்குப் போய்வர அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: தண்ணீர்க் கேன் ஒன்று, பால் இரண்டு லிட்டர், எலுமிச்சை பத்து, மாமாவின் இரவு மாத்திரை ஓர் அட்டை. இளநீர் வாங்க வேண்டாம் என்று அடிக்கோடிட்டிருக்கிறேன்.