பல்லைக் காட்டப் போன இடத்தில் பிடிபட்ட குறட்டை

மகளின் திருமணத்துக்கு மூன்று மாதங்கள் இருந்தபோது, படங்களில் என் சிரிப்பு எப்படித் தெரியுமோ என்ற கவலையில்தான் திருச்சியில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அரம் வைத்துத் தேய்த்தாற்போல் குட்டையாகியிருந்தன. அவற்றுள் ஒன்றின் முனை, முறுக்கைக் கடித்தபோது பெயர்ந்துவிட்டது. இரண்டு கேப் போட்டால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனவன், அந்த கேப்புகளைப் பதினொரு மாதங்கள் கழித்துத்தான் போட்டுக்கொண்டேன்.

மருத்துவர் முன்பல்லைப் பார்த்த நேரத்தைவிட நாக்கைப் பார்த்த நேரமே அதிகம். நாக்கின் இரு ஓரங்களிலும் பற்களின் தடம் அலையலையாகப் பதிந்திருந்ததையும், கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகிவிட்டதையும் கண்ணாடியில் காட்டினார். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னபோது உள்நாக்கின் அடிப்பகுதி மட்டுமே தெரிந்ததால், 'மல்லம்பாட்டி மூன்று' என்று அட்டையில் குறித்துக்கொண்டார். ஊர்ப் பெயர் போலிருக்கிறதே என்று கேட்டேன். மயக்கம் கொடுப்பதற்கு முன் நோயாளியின் மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது எளிதா, கடினமா என்று கணிப்பதற்கு மல்லம்பாட்டி என்ற தெலுங்கு மருத்துவர் அமெரிக்காவில் இருந்தபோது 1985-இல் வகுத்த முறை அது என்றும், தொண்டை எவ்வளவு நெருக்கமானது என்பதை ஊகிக்கத் தங்களுக்கும் அது உதவுகிறது என்றும் விளக்கினார்.

"ராத்திரியில் குறட்டை விடுவீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எதுவும் சொல்லாமல், வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவியை உள்ளே அழைத்தார்.

"குறட்டை பழகிடுச்சுங்க டாக்டர். அது நடுவுல நின்னுபோகும் பாருங்க, அதுதான் பயம். மறுபடி எப்ப ஆரம்பிக்கும்னு நான் முழிச்சுக்கிட்டே கிடப்பேன்."

திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. அல்லது சொல்லியிருந்து, நான் சிரித்து ஒதுக்கியிருக்க வேண்டும்.

அடுத்து எட்டுக் கேள்விகள் அடங்கிய எப்வொர்த் படிவம் ஒன்றைக் கொடுத்தார். புத்தகம் படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதிய உணவுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது என ஒவ்வொரு சூழலிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் இயல்புக்கு மீறியது என்று பொருள். நான் 24-க்கு 14 எடுத்தேன்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற எல்லோருக்கும் ஸ்லீப் அப்னியா, அதாவது தூங்கும்போது மூச்சு நின்று நின்று வரும் நோய், இருக்காது என்றும், ஒரு பல் மருத்துவர் சந்தேகப்படலாமே தவிர, இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் தூக்கச் சிகிச்சை தெரிந்த மருத்துவர்தான் என்றும் அவர் தெளிவாகச் சொன்னார். கேப் போட அன்று மறுத்துவிட்டார். இரவில் இப்படி நறநறவென்று கடிக்கும் வாயில் பீங்கான் கேப் எத்தனை நாள் தாங்கும் என்பது அவருடைய கேள்வி. திருமணத்துக்காகப் பல் நிறத்துப் பசையைப் பூசி முனையை ஒப்பேற்றிக் கொடுத்தார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அன்றே பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டு கேப்புகளை மாட்டி அனுப்பியிருக்கக்கூடியவர் அவர்.

நுரையீரல் மருத்துவர் ஒருவர் பரிந்துரைத்த தூக்கப் பரிசோதனையை வீட்டிலேயே செய்துகொண்டேன். மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் பட்டை, விரலில் கிளிப். பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும் பெருமளவு குறைவதையும் அந்தக் கருவி கணக்கிடுகிறது. மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்று பிரிக்கிறார்கள். எனக்கு 23 வந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 83 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது.

முதலில் எழுதிக் கொடுக்கப்பட்டது சிபாப் இயந்திரம். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை அது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. மூச்சுத்தடையைக் குறைப்பதில் அதற்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். ஆனால் வாடகைக்கு எடுத்த அந்த இயந்திரத்தை ஆறு வாரங்களில் ஒருநாள்கூட விடியும்வரை நான் மாட்டியிருந்ததில்லை. நள்ளிரவு இரண்டு மணிவாக்கில் என்னை அறியாமலே கழற்றி எறிந்திருப்பேன். இடையில், வெந்நீரில் போட்டு மென்மையாக்கிக் கடித்துக்கொள்ளும், குறட்டைக்கான மலிவான கிளிப் ஒன்றை இணையத்தில் வாங்கி, மூன்றே இரவுகளில் தாடை வலியுடன் குப்பையில் போட்டேன். அந்த அவசரப் புத்தியை மருத்துவரிடம் சொல்லவில்லை.

நுரையீரல் மருத்துவரே, தாடையை முன்னே நிறுத்தும் கருவியைச் செய்துகொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தபின், பழைய பல் மருத்துவரிடமே திரும்பினேன். தூங்கும்போது தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிகிறது; கீழ்த்தாடையை முன்னே இழுத்தால் அதனுடன் நாக்கும் முன்னே வந்து மூச்சுப்பாதை திறக்கிறது. மயங்கிக் கிடப்பவரின் தாடையை முன்னுக்குத் தூக்கும் முதலுதவி வேலை செய்வதும் இப்படித்தான். ஆனால் பற்களைப் பிடித்துக்கொண்டு இழுக்கும் கருவி என்பதால் பற்கள் உறுதியாக இருக்க வேண்டும். எனவே முதலில் ஈறுகளைச் சுத்தம் செய்து, இரண்டு சொத்தைகளை அடைத்து, தாடை மூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

அளவெடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அளவு கோடுகள் போட்ட முள்கரண்டி போன்ற ஒரு பொருளைக் கடித்துக்கொண்டு, கீழ்த்தாடையை எவ்வளவு முன்னே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளச் சொன்னார். பின்னால் இழுத்த நிலையிலிருந்து முழுதாக நீட்டியதுவரை 11 மில்லிமீட்டர் வந்தது. அதில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டரில் நிறுத்தி, அந்தக் கடியைப் பசையில் பதித்துக்கொண்டார். இரண்டு வாரங்களில் மேலுக்கொன்றும் கீழுக்கொன்றுமாகக் கண்ணாடி போன்ற இரண்டு தகடுகளும், அவற்றைப் பக்கவாட்டில் இணைக்கும் திருகுகளும், திருகுவதற்கு ஊசி போன்ற ஒரு சாவியும் வந்தன. எனக்கு ஆன செலவு 34,000 ரூபாய். என் மருத்துவக் காப்பீட்டில் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை.

முதல் வாரம் தலையணை எச்சிலில் நனைந்தது. காலையில் எழுந்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேராது. இட்லியைக்கூட முன்பல்லால் மென்று விழுங்கிய நாள்கள் உண்டு. அதற்கென ஒரு சிறிய கடிப்புத் தகடு தந்திருந்தார்கள். பல் துலக்கியதும் அதைக் கால் மணி நேரம் கடித்துக்கொண்டிருந்தால் தாடை பழைய இடத்துக்குத் திரும்பும். வாரத்துக்கொரு முறை சாவியால் ஒரு சுற்று, அதாவது கால் மில்லிமீட்டர், முன்னே நகர்த்த வேண்டும். நாள்காட்டித் தாளில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் மனைவி ஒரு குறி போடுவாள்: குறட்டைக்கு ஒரு கோடு, மூச்சு நின்றதற்கு ஒரு பெருக்கல் குறி. ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு பெருக்கல் குறிகள் அருகின. எட்டாவது சுற்றில் தாடை மூட்டு வலிக்கவே ஒரு சுற்றுப் பின்வாங்கி அங்கேயே நிறுத்தினோம்.

குறட்டை அடங்கியதை வைத்து நோய் அடங்கியதாக எடுத்துக்கொள்ள மருத்துவர் சம்மதிக்கவில்லை. சத்தமில்லாமலும் மூச்சு நிற்கலாம் என்பதால், கருவியை மாட்டிய நிலையில் மறுபரிசோதனை செய்தாக வேண்டும் என்றார். 2015-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. மறுபரிசோதனையில் 23 என்பது 6 ஆகியிருந்தது. இது பூஜ்யமல்ல, லேசான வகைக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவே. மதியம் அலுவலகத்தில் கண் சொக்குவது நின்றுவிட்டது. இரத்த அழுத்த மாத்திரை மட்டும் அப்படியேதான் தொடர்கிறது.

அதன்பின்தான் முன்பற்களுக்கு கேப் போட்டார்கள். புதிய கேப்புகளுக்கு ஏற்ப மேல்தகட்டின் உட்புறத்தைக் கொஞ்சம் குடைந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆறு மாதத்துக்கொரு முறை போகும்போது கீழ் முன்பற்கள் வெளியே சாய்கின்றனவா என்று அளக்கிறார். போன முறை அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. காலையில் அந்தக் கடிப்புத் தகட்டை நான் ஒழுங்காகக் கடிப்பதில்லை என்று மனைவி அங்கேயே போட்டுக்கொடுத்துவிட்டாள்.