சுமை தரையை விட்டு எழும் முன்

சிங்கப்பூர் கட்டுமானத் தளங்களில், கிரேன் தூக்கும் சுமையைக் கட்டும் ரிக்கராக வேலை பார்ப்பவர்களில் நம் ஊர்க்காரர்கள் ஏராளம். ஊரில் யாராவது கேட்டால் "கிரேனில் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவோம். கிரேனை இயக்குபவர் ஆபரேட்டர். சைகை காட்டுபவர் சிக்னல்மேன். மேற்பார்ப்பவர் லிஃப்டிங் சூப்பர்வைசர். ரிக்கரை மட்டும், கொக்கியில் பெல்ட்டை மாட்டிவிடுகிற எடுபிடி என்றே பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவரும் ஒரு பிரீகாஸ்ட் சுவரை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம், 15 சென்டிமீட்டர் தடிமன். கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன் என்பதால் சுவரின் எடை 3 டன். சுமையைக் கொக்கியில் தொங்கவிடும் பெல்ட் அல்லது கம்பிவடத்தை ஸ்லிங் என்போம். இரண்டு ஸ்லிங்குகள் நேர்செங்குத்தாகத் தொங்கினால் ஆளுக்கு ஒன்றரை டன். ஆனால் இரண்டும் ஒரே கொக்கியில் சேரும்போது சாய்கின்றன. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றின் மீதும் ஏறக்குறைய 1.73 டன் இழுவிசை. 45 டிகிரியில் 2.12 டன்; 30 டிகிரியில் முழுசாக 3 டன். இரண்டு டன் தாங்கும் ஸ்லிங் முதல் கோணத்தில் போதும், அடுத்ததில் போதாது. சுவரின் எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை. ஸ்லிங் குட்டையாக இருந்தால் அதிகம் சாயும்; நீளமானதைத் தேடி எடுத்துவரச் சோம்பல்பட்டால் நடப்பது இதுதான்.

பெல்ட்டுகளுக்கு நிறம் உண்டு: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. சுருக்குப் போட்டுக் கட்டினால் அந்த அளவில் 80 சதவீதம்தான் கணக்கு. தூக்கும் உபகரணங்களை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆனால் நேற்று மாலை இரும்பு முனையில் உரசிய பெல்ட்டை இன்று காலை பார்க்க வேண்டியவர் ரிக்கர்தான். வெளிச்சத்தில் விரித்து, இரண்டு ஓரங்களையும் விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். நூல் பிரிந்த இடம் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. லேபிள் கிழிந்துபோன பெல்ட் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். அது எவ்வளவு தாங்கும் என்பதற்குச் சாட்சி இல்லை.

கட்டி முடித்ததும் அரை அடி மட்டும் தூக்கி நிறுத்துவோம். ஜன்னல் திறப்பு ஒரு பக்கமாக உள்ள சுவர் என்றால் கனமான பக்கம் தாழும். உடனே இறக்கி, மாற்றிக் கட்ட வேண்டும். "மேலே போனால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. மேலே போய் எதுவும் சரியாவதில்லை.

அவசரப்படுத்துபவர்கள் எல்லாத் தளத்திலும் இருக்கிறார்கள். கான்கிரீட் லாரி காத்திருக்கிறது, மழை கறுத்துக்கொண்டு வருகிறது, ஃபோர்மேன் கத்துகிறார். அப்படி ஒரு மதியம், என்னோடு இருந்த மூத்த ரிக்கர் அண்ணன், பிசிறடித்த கம்பிவடத்தைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, வாக்கி டாக்கியில் "அங்கிள், ஸ்டாப்" என்று மட்டும் சொன்னார். மேலே கேபினில் இருந்த வயதான சீன ஆபரேட்டருக்கு நாங்கள் கட்டும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, நிறுத்திவிட்டார். ஃபோர்மேனின் சத்தத்தைவிட அந்த ஒரு சொல்லுக்கு அவரிடம் மதிப்பு இருந்தது. அந்த மதிப்பைச் சம்பாதிக்கப் பல வருடம் ஆகும். வேலையில் நான் மிகவும் விரும்பியது இதைத்தான்.

இப்போது புதிதாக வரும் தம்பிகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் எடை சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன். கான்கிரீட்டுக்குள் வைக்கும் இரும்புக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் ஒன்று 46 கிலோ. 40 கம்பி கொண்ட கட்டு 1.85 டன். கணக்கைச் சொல்லாதவரை பெல்ட்டைத் தொட விடுவதில்லை. முதலில் முணுமுணுப்பார்கள். சில வாரம் போனால், கம்பி லாரி கேட்டுக்குள் நுழையும்போதே எடையைச் சொல்லிவிட்டு, எந்தப் பெல்ட் என்று அவர்களே எடுத்துவர ஆரம்பித்துவிடுகிறார்கள்.