சர்வே வரைபடத்தை ரெவிட்டுக்குள் கொண்டுவரும் முதல் அரை மணி நேரம்

கட்டட மாடல் செய்யும் மென்பொருளான ரெவிட்டில், வேலையின் மூன்றாவது மாதம் தலைதூக்கும் தொல்லைகளில் பாதி, முதல் நாள் சர்வே ஃபைலை இழுத்துப் போட்டபோதே விதைத்தவை. வட்டத் தூண் பல்கோணமாகத் தெரிகிறது, ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோடுகள்) கோணல்மாணலாக வருகிறது, ஸ்ட்ரக்சர்காரர் அனுப்பும் மாடல் கட்டடத்தை விட்டு எங்கோ போய் நிற்கிறது. மெஷினில் ரேம் போதவில்லை என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் காரணம் அது இல்லை, தூரம்.

சர்வேயர் தரும் டி.டபிள்யூ.ஜி. (ஆட்டோகேட் வரைபட) ஃபைல் இப்போதெல்லாம் யு.டி.எம். ஆயத்தொலைவில் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை X, Y எண்களால் சொல்லும் முறை), மீட்டர் அளவில் இருக்கும். சென்னை 44-ஆவது மண்டலம். தாம்பரம் பக்கத்து மனை என்றால் ஒரு எல்லைக்கல் ஏறக்குறைய X=404512.452, Y=1428865.117 என்று வரும். அதாவது பூஜ்யப் புள்ளியிலிருந்து 1,400 கிலோமீட்டருக்கும் மேல். ரெவிட்டோ தன் உள் மூலப்புள்ளியை (இன்டெர்னல் ஆரிஜின்) சுற்றி 10 மைல், அதாவது 16 கி.மீ. ஆரத்துக்குள் மாடல் இருக்க வேண்டும் என்கிறது. அதைத் தாண்டினால் எண்ணின் இலக்கங்கள் எல்லாம் தூரத்தைச் சொல்வதிலேயே தீர்ந்துவிடும். மில்லிமீட்டரைச் சொல்ல மிச்சம் இருக்காது. (கோவை மனை என்றால் 43-ஆவது மண்டலம். மதுரை மீண்டும் 44. இரண்டு ஊர் ஃபைல்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இதை மறந்துவிட வேண்டாம்.)

முதல் வேலை ஆட்டோகேடில். ஃபைலைத் திறந்ததும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் (வரைந்தது எல்லாவற்றையும் திரைக்குள் காட்டும் கட்டளை) கொடுங்கள். மனை திரை நிறைய வர வேண்டும். ஓர் ஓரத்தில் புள்ளியாகச் சுருங்கினால், 0,0-வில் எங்கோ ஒரு டைட்டில் பிளாக்கோ வெற்று டெக்ஸ்டோ கிடக்கிறது என்று பொருள். இதை எடுக்காமல் ரெவிட்டில் ‘சென்டர் டு சென்டர்’ கொடுத்தால், ரெவிட் எடுத்துக்கொள்ளும் மையம் அந்தப் புள்ளிக்கும் மனைக்கும் நடுவே, 700 கி.மீ. தள்ளி விழும். தேடித் தேடி அழிப்பதைவிட, தேவையானதை மட்டும் தேர்ந்து டபிள்யூபிளாக் கட்டளையால் புது ஃபைலாக எழுதுவதே சுலபம். பேஸ் பாயிண்டை 0,0,0 என்றே விடுங்கள், ஆயத்தொலைவு மாறாது. பிறகு ஆடிட் (பிழை திருத்த), பர்ஜ் (பயன்படாததை நீக்க). எல்லாவற்றையும் ஒரே தட்டையாக்கும் ஃப்ளாட்டன் மட்டும் வேண்டாம். கான்டூரின் (சம உயரக் கோடுகளின்) உயரமெல்லாம் போய்விடும்.

யூனிட்ஸில் மீட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். வரைந்தது மீட்டரில், செட்டிங் மில்லிமீட்டரில் என்று வரும் ஃபைல்கள் ஏராளம். ஆட்டோ டிடெக்ட்டை நம்பினால் மனை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு பக்க நீளத்தை அளந்து புல வரைபடத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பிறகு ஐ.டி. கட்டளை (புள்ளியின் ஆயத்தொலைவைக் காட்டுவது) கொடுத்து இரண்டு எல்லைக்கற்களின் X, Y, Z-ஐத் தாளில் எழுதி வையுங்கள். இரண்டு கல் ஏன் என்பது பின்னால் புரியும்.

ரெவிட்டில் ஃபைலை வெளியே வைத்தபடி இணைக்கும் ‘லிங்க் கேட்’ தான், உள்ளேயே சேர்த்துவிடும் ‘இம்போர்ட்’ வேண்டாம். இம்போர்ட் செய்து எக்ஸ்ப்ளோட் செய்தால் (தனித்தனிக் கோடுகளாகப் பிரித்தால்) ஆட்டோகேட் லேயர் ஒவ்வொன்றும் லைன் ஸ்டைலாக வந்து குவியும், பின் சுத்தம் செய்ய நாள் போதாது. 0.8 மி.மீ.க்குக் குறைந்த கோடுகளை ரெவிட் ஏற்காது என்பதால் சில இடங்களில் மூலையும் திறந்துகொள்ளும். டோப்போசாலிட் (நிலத்தின் மேடுபள்ள மாடல்) செய்யப் போகிறீர்கள் என்றால் ‘கரன்ட் வியூ ஒன்லி’ டிக்கை எடுத்துவிடுங்கள். யூனிட் மீட்டர், பொசிஷனிங் சென்டர் டு சென்டர். லிங்க் வந்ததும் பின்னை (நகராமல் பூட்டும் குறி) எடுத்து, முதல் எல்லைக்கல் புராஜெக்ட் பேஸ் பாயிண்டின் (கட்டட மாடலின் தொடக்கப் புள்ளி) மேல் உட்காரும்படி நகர்த்தி, சாலைப் பக்கம் திரையில் கிடைமட்டமாக வரும்படி சுழற்றி, மறுபடி பின் செய்யுங்கள்.

அடுத்து மேனேஜ் டேபில் ‘ஸ்பெசிஃபை கோஆர்டினேட்ஸ் அட் பாயிண்ட்’. அந்தக் கல்லையே கிளிக் செய்ய வேண்டும். பெட்டியில் முதலில் கேட்பது வடக்கு, அதாவது Y. தாளில் எழுதியிருப்பதோ X முதலில். இடம் மாற்றிப் போடாத ஆள் குறைவு. புராஜெக்ட் மில்லிமீட்டரில் இருந்தால் எண்ணுக்குப் பின்னால் மீட்டருக்கான எழுத்தையும் சேர்த்தே அடியுங்கள், ரெவிட் தானே மாற்றிக்கொள்ளும். கீழே வடதிசைக் கோணம். சுழற்றிய அளவு 17 டிகிரி என்றால் 17-ஐப் போட்டு, கிழக்கா மேற்கா என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தத் திசையை யோசித்துக் கண்டுபிடிக்கப் பாடுபட வேண்டாம். ஒன்றைப் போட்டு, இரண்டாவது கல்லில் ஸ்பாட் கோஆர்டினேட் (புள்ளியின் ஆயத்தொலைவைக் காட்டும் குறி) வையுங்கள். அதன் டைப் பிராபர்ட்டியில் கோஆர்டினேட் ஆரிஜின் ‘சர்வே பாயிண்ட்’ (சர்வே ஆயத்தொலைவுக்கான புள்ளி) என்று இருக்க வேண்டும், அளவு மீட்டரில் மூன்று தசமம். தாளில் இருக்கும் எண் மில்லிமீட்டர் சுத்தமாக வந்தால் சரி. கற்களுக்கிடையே 36.570 மீட்டர் என்று வையுங்கள்: திசை தப்பினால் 34 டிகிரி பிசகி, இரண்டாவது கல் 21 மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். முதல் கல்லில் மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது, அங்கே எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

உயரம் தனிக்கதை. பல சர்வே ஃபைலில் எல்லைக்கோடு Z=0-விலும், ஸ்பாட் லெவல்கள் (அளந்த புள்ளிகளின் உயரங்கள்) உண்மை உயரத்திலும் கிடக்கும். ஆகவே எலிவேஷன் வியூவில் சரிபாருங்கள். தரைத்தளம் ±0.000 என்பது 15.250 என்று முடிவானால், 14.620-இல் இருக்கும் கல் அதற்கு 630 மி.மீ. கீழே தெரிய வேண்டும். லெவல் டைப்பில் எலிவேஷன் பேஸை சர்வே பாயிண்டுக்கு மாற்றினால் லெவல் ஹெட் 15.250 என்று காட்டும். நகராட்சிக்குப் போகும் தாளுக்கு ஒரு லெவல் டைப், தளத்துக்குப் போகும் தாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது வசதி.

எல்லாம் முடிந்ததும் சர்வே பாயிண்டைப் பின் செய்யுங்கள். அதன் பக்கத்தில் உள்ள கிளிப் அடையாளம் மூடிய நிலையில் இருக்கும்போது யாராவது இழுத்தால், மாடல் அசையாமல் ஆயத்தொலைவு மட்டும் மாறிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் ஆபத்து.

ஸ்ட்ரக்சர், எம்.இ.பி. (ஏசி, மின்சார, குழாய் வேலை) ஆட்கள் தங்கள் புது ஃபைலில் கட்டடக்கலை மாடலை ‘இன்டெர்னல் ஆரிஜின் டு இன்டெர்னல் ஆரிஜின்’ என்று லிங்க் செய்து, அதன் ஆயத்தொலைவை வாங்கிக்கொள்ளும் ‘அக்வயர் கோஆர்டினேட்ஸ்’ கொடுத்து, கிரிட்டையும் லெவலையும் காப்பி மானிட்டரில் (நகலெடுத்து, மூலம் மாறினால் எச்சரிக்கும் வசதி) எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் இரு பக்கமும் ‘ஷேர்ட் கோஆர்டினேட்ஸ்’ வழியே லிங்க் ஆகும். ஒரே ஆயத்தொலைவு இல்லை என்று ரெவிட் எச்சரித்தால் கையால் நகர்த்திப் பொருத்தாதீர்கள். அக்வயர் படி விட்டுப்போயிருக்கிறது.

சர்வே கோட்டைப் பிக் லைன்ஸால் பிடித்துச் சுவர் எழுப்பும் ஆசையும் வரும். சர்வேயில் கோடு துல்லிய நேராக இருப்பதே இல்லை. மயிரிழை சாய்வோடு சுவர் வந்து, ‘ஆஃப் ஆக்சிஸ்’ (அச்சிலிருந்து லேசாகச் சாய்ந்தது) எச்சரிக்கை வரிசை கட்டும், டைமென்ஷன் போட்டால் எங்கும் பிடிக்காது. கிரிட்டை முதலில் கையால் நேராகப் போட்டு, சுவரை அதற்கு எழுப்புங்கள். எல்லைக்கோட்டின் பங்கு செட்பேக் (எல்லையிலிருந்து விட வேண்டிய இடம்) சரிபார்ப்பதோடு சரி.