தலைப்பை மாற்ற வெட்டி ஒட்டாதீர்கள்

விக்கிப்பீடியாவில் கட்டுரைத் தலைப்பு தப்பென்று பட்டால், உள்ளடக்கத்தை வெட்டிப் புதுப் பக்கத்தில் ஒட்டிவிடாதீர்கள். யார் எப்போது எழுதினார் என்ற வரலாறு பழைய பக்கத்திலேயே தங்கிவிடும்; அப்புறம் நிர்வாகி வந்து இரண்டையும் இணைக்க வேண்டும். ‘நகர்த்து’ கொடுத்தால் வரலாறும் கூடவே போகும், பழைய பெயர் வழிமாற்றாக நிற்கும், அதாவது அதைத் தேடி வருபவரைப் புதுப் பெயருக்கு அனுப்பும்.

மறுப்பு வருமென்று தெரிந்தால் முதலில் உரையாடல் பக்கம். ஆங்கில விக்கியில் இதற்கு வழக்கமாக 7 நாள் கொடுப்பார்கள். தலை எண்ணுவதில்லை, ஆதாரம்தான் எடை. உக்ரைன் தலைநகர் கீவின் ஆங்கில எழுத்துக்கூட்டலை (Kiev) உக்ரைனிய வடிவுக்கு (Kyiv) மாற்றும் கோரிக்கை பலமுறை தோற்று, பெரிய செய்தி நிறுவனங்கள் மாறிய பிறகு, 2020 செப்டம்பரில்தான் நிறைவேறியது.

இன்றைய போலந்து நகரம் ஒன்றின் பெயர் போலியத்தில் கதான்ஸ்க்கா, ஜெர்மனில் டான்சிக்கா என்ற சண்டைக்கு 2005இல் வாக்கெடுப்பே நடந்தது: 1308 முதல் 1945 வரையிலான வரலாற்றுக்கு டான்சிக், மற்றதற்குக் கதான்ஸ்க். ஒட்டுவேலைதான், ஆனாலும் மாற்றி மாற்றித் திருத்துபவர்களுக்குக் காட்ட ஒரு விதி கிடைத்தது.