பதுவை நாட்குறிப்பு

பிப்ரவரி 5

இத்தாலியின் பதுவை என்றதும் நம்மவர்களுக்கு அந்தோணியார்தான் நினைவுக்கு வருவார். ரயிலில் உடன் வந்த பக்தர்களும் பெட்டியை உருட்டிக்கொண்டு நேரே அவருடைய பேராலயத்துக்கே போனார்கள். நான் போனது பல்கலைக்கழகத்துக்கு.

1222இல் பொலோஞா என்ற இன்னொரு இத்தாலிய ஊரின் பல்கலைக்கழகத்தில் பிணங்கிக்கொண்ட மாணவர்களும் ஆசிரியர்களும் இங்கே குடிபெயர்ந்து தொடங்கியது இது. அரசரோ போப்போ சாசனம் எழுதிக் கொடுத்துப் பிறந்ததல்ல. தொடக்கக் காலத்தில் ரெக்டரை, அதாவது பல்கலைக்கழகத் தலைவரை, தேர்ந்தெடுத்தவர்கள் மாணவர்கள். பேராசிரியர்களை அமர்த்தியதும் அவர்களே. இதை நம் துணைவேந்தர் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும்.

கலிலியோ நின்று பாடம் நடத்திய மேடை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். வெறும் பலகை, அதிக நேரம் நிற்கவில்லை. உடற்கூறு அரங்கம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஃபாப்ரிசி என்ற பேராசிரியரின் காலத்தில், 1595இல் கட்டியது. பிணத்தைக் கிடத்திய இடத்துக்கு அடியில் நின்றபடி அண்ணாந்து பார்க்க வேண்டும். நீள்வட்டமாக ஆறு அடுக்குகள், வேலைப்பாடு மிக்க மரக் கைப்பிடிகள். உட்கார இடமே இல்லை. தோளோடு தோள் உரச நின்றுதான் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளுக்குள் வால்வுகள் இருப்பதை விளக்கி எழுதியவர் இந்த ஃபாப்ரிசி. 1602இல் இங்கே பட்டம் வாங்கிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, பிற்பாடு ரத்த ஓட்டத்தை நிறுவியபோது அந்த வால்வுகள் கைகொடுத்தன.

பிப்ரவரி 6

'பதுவையின் சுதந்திரம்' என்று இங்கே மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. பட்டம் பெறுபவர்கள் கத்தோலிக்க விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று 1564இல் போப் ஆணையிட்டார். ஜெர்மன் புராட்டஸ்டண்ட் மாணவர்கள் ஏராளமாகப் படித்த ஊர் இது. அவர்கள் போய்விட்டால் கட்டணமும் போகும், வீட்டு வாடகையும் போகும். ஊரை ஆண்ட வெனிஸ் குடியரசு, பிரமாணம் இல்லாமல் தன் பெயரிலேயே பட்டம் வழங்க 1616இல் தனி ஏற்பாடு செய்துவிட்டது. ரோமுடன் அதற்கு ஏற்கெனவே பகை வேறு.

எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா என்ற வெனிஸ் பெண்ணுக்கு அப்படிக் குறுக்குவழி தேட யாரும் முன்வரவில்லை. அவர் இறையியல் பட்டம் கேட்டார். பெண்ணுக்குக் கூடாது என்று ஆயர் பார்பரீகோ மறுத்தார். பேரம் தத்துவப் பட்டத்தில் படிந்தது. 1678 ஜூன் 25 அன்று, கூட்டம் தாங்காமல் தேர்வை ஆயரின் பேராலயத்திலேயே (அந்தோணியாருடையது அல்ல) நடத்திப் பட்டம் கொடுத்தார்கள். அவருடைய தந்தை வெனிஸில் பெரும் பதவியில் இருந்தவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதன் பிறகு பெண்களுக்குக் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். 1732இல் லாரா பாஸி என்ற பெண்ணுக்குப் பட்டம் கொடுத்தது பொலோஞா!

பிப்ரவரி 8

1848இல் இதே தேதியில் மாணவர்களும் ஊர்மக்களும் அப்போது ஊரை ஆண்ட ஆஸ்திரியாவின் படையோடு மோதினார்கள். பெத்ரோக்கி காபிக்கடையின் வெள்ளை அறைச் சுவரில் அன்று பாய்ந்த குண்டின் தடம் இன்னும் இருக்கிறது. 1943இல் ரெக்டர் கொன்செத்தோ மார்க்கேசி, பாசிசத்துக்கு எதிராகப் போராட மாணவர்களுக்கு அறைகூவல் விடுத்துவிட்டுத் தலைமறைவானார். போருக்குப் பின் பல்கலைக்கழகத்துக்கே வீரத்துக்கான தங்கப் பதக்கம் கிடைத்தது. இதில் வாடகைக் கணக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை.