பாப்பாவுக்கு ஏ.வி.எம்.: ஆஞ்சியோவும் அதற்குப் பிறகும்

பள்ளிக்கூடம் விட்டு வந்து தலைவலி என்று படுத்த பிள்ளை, வாந்தி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கை கால் வெட்டி இழுத்தது. ஒன்பது வயது. பாண்டி கோயிலுக்குத் தூக்கிப் போய் மந்திரிக்கலாம் என்றார் அப்பத்தா. நாங்கள் 108-ஐக் கூப்பிட்டு உசிலம்பட்டியிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். (கோயிலுக்கும் பின்னால் போனோம். எது முதலில் என்பதுதான் விஷயம்.)

சி.டி. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு ஏ.வி.எம். என்றார்கள், மூளை ரத்தக்குழாயில் வரும் கோளாறு. தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்க வேண்டிய நுண்குழாய்கள் ஓரிடத்தில் இல்லை, ரத்தம் நேராகப் பாய்கிறதாம். டாக்டர் என் வீட்டுக்காரரிடம், "பம்புசெட்டுத் தண்ணி தொட்டியில விழாம நேரா மண் வாய்க்கால்ல அடிச்சா கரை தாங்குமாண்ணே?" என்று கேட்டார். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது ஆஞ்சியோ, மூளை ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் சோதனை. முதல்வர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றுக்கும் ஜெராக்ஸ் நிறைய எடுத்து வையுங்கள். வெளியில் ஸ்கேன் எடுத்தால் படம் பதிந்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். நாங்கள் எடுத்த சென்டரில் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினார்கள். சண்டை போட்டுத்தான் வாங்கினேன். டாக்டர்கள் பார்ப்பது படத்தைத்தான்.

வெறும் வயிற்றில் மயக்கம் கொடுத்து, தொடை இடுக்கில் மெல்லிய குழாய் விட்டு, மை செலுத்திப் படம் எடுத்தார்கள். எங்களுக்குக் கஷ்டம் அதற்குப் பிறகுதான். பல மணி நேரம் அந்தக் காலை மடக்கக் கூடாது. அரை மயக்கத்தில் எழுந்த பிள்ளைக்கு அது எப்படிப் புரியும்? முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "யம்மா, விடும்மா" என்று அழுதாள். நர்ஸக்கா அடிக்கடி வந்து கட்டுப் போட்ட இடத்தில் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார், பாதத்தில் நாடி பிடிப்பார், பாப்பா கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்.

பசை செலுத்தி அடைப்பது, காமா நைஃப் (கத்தி வைக்காமல் கதிர்வீச்சால் மூட வைப்பது), ஆபரேஷன் என்று வழிகள் இருக்கின்றன. காமா நைஃபில் முழுசாக மூட இரண்டு மூன்று வருஷம் ஆகலாம், அதுவரை கசியும் பயம் உண்டு. இவளுக்குச் சின்னதாக, மேலாக இருந்ததால் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது.

முழுசாக எடுத்தாலும் சிறுபிள்ளைகளுக்குத் திரும்ப வரலாம் என்பதால் மறுபடியும் ஆஞ்சியோ சொல்லியிருக்கிறார்கள். ஃபிட்ஸ் மாத்திரை ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: இழுப்பு வந்தால் கையில் சாவி கொடுக்காதீங்க, வாயில எதையும் வைக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108-க்குப் போன் போடுங்க, அப்புறம் எனக்கு.