சாத்தூருக்கு எம்எல்ஏ இல்லாத 19 மாதங்கள்

மனு எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "யாருக்குப் போகணும்?" என்றுதான். தாசில்தாருக்கா, கலெக்டருக்கா, எம்எல்ஏவுக்கா? பெறுநர் தப்பானால் மனு எங்கேயாவது சுற்றிக்கொண்டே கிடக்கும். சாத்தூரில் 22 வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று கையால் எழுதிக் கொடுத்த மனுக்களுக்குக் கணக்கே இல்லை.

2018 நவம்பரில் பயர் ஆபீஸ் (பட்டாசு ஆலையை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வோம்) வேலைக்குப் போகிற ஆறு பெண்கள் கடைக்கு வந்தார்கள். அதற்கு முந்தின மாதம் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, இனிப் பசுமைப் பட்டாசுதான் என்றார்கள். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் ஆலைகளை இழுத்து மூடிவிட்டார்கள். தீபாவளிக்குப் பிறகு வேலை ஆரம்பிக்கிற நேரத்தில் கையில் காசில்லை. "எம்எல்ஏவுக்கு ஒரு மனு எழுதுங்கக்கா. எங்களுக்காகச் சட்டசபையில பேசச் சொல்லி எழுதுங்க" என்றார்கள்.

அனுப்புநர் என்று போட்டு ஆறு பேர் பெயரையும் எழுதினேன். அடுத்து பெறுநர் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அப்போது சாத்தூருக்கு எம்எல்ஏவே கிடையாது.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் 18 எம்எல்ஏக்களைத் தகுதி நீக்கம் செய்தார். முதல்வருக்குத் தரும் ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் அவர்கள் கடிதம் கொடுத்திருந்தார்கள். அந்த 18இல் சாத்தூரும் ஒன்று. வழக்கு நடந்தது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதி நீக்கம் செல்லும் என்றார். சாத்தூரில் இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18 அன்று. தகுதி நீக்கத்திலிருந்து ஓட்டுப் போட்ட நாள் வரை, நாள் பிசகாமல் 19 மாதம்.

சபையில் மொத்தம் 234 பேர் இருந்தால் ஆட்சி நடத்த 118 பேர் வேண்டும். 18 பேரை எடுத்துவிட்டால் 109 போதும். எங்கள் தொகுதி காலியாகக் கிடந்ததால் ஒரு ஆட்சியின் கூட்டல் கழித்தல் சரியாக வந்தது. அந்த 18 பேருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. வாக்களித்த ஊரில் இருக்க வேண்டியவர்கள் புதுச்சேரியிலும் குடகிலும் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். 2017 பிப்ரவரியில் எம்எல்ஏக்களைக் கூவத்தூர் விடுதியில் தங்க வைத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். "எங்கள் பெயரில் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறீர்கள்?" என்று எந்தத் தொகுதிக்காரனாலும் உள்ளே போய்க் கேட்க முடியவில்லை.

காமராஜர் முதல்வராக இருந்தபோது முதலில் குடியாத்தத்தில் ஜெயித்தார். அப்புறம் 1957லும் 1962லும் சாத்தூரில் ஜெயித்தார். அந்த இரண்டு தொகுதிகளுமே இந்த 18இல் வருகின்றன. அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும்கூட வருகின்றன. 2016 மே மாதம் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தி, நவம்பரில் நடத்திய ஊர்கள் அவை. ஆறு மாதம் காத்திருந்து தேர்ந்தெடுத்தார்கள். பத்தே மாதத்தில் பறிகொடுத்தார்கள்.

அன்றைக்கு அந்த மனுவைக் கலெக்டருக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். கலெக்டர் வாங்கிக்கொள்ளலாம், மேலே அனுப்பலாம். சட்டசபையில் எழுந்து நின்று பேச அவரால் முடியாது. அதற்கென்று நாங்கள் ஒரு ஆளை அனுப்பியிருந்தோம், அந்த நாற்காலியில் யாரும் இல்லை. அந்தக் கோபம் இன்னும் என்னை விடவில்லை. 2026 தேர்தலில் சாத்தூரில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன்.

கட்சியில் சேர்ந்து நிற்கலாமே என்று என் நாத்தனார் கேட்டார். கட்சித் தாவலைத் தடுக்கிற, அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் சுயேச்சைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். அது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் தடுமாறினாலும் சட்டம் என்னைப் பிடித்து நிறுத்தும்.

டெபாசிட் 10,000 ரூபாய். பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பி வராது. செலவு 40 லட்சம் வரை போகலாம் என்று ஆணையம் சொல்கிறது. என்னிடம் இருப்பது கடையில் சேர்த்த ஒன்றரை லட்சம். அதற்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி, டீ செலவு முதற்கொண்டு எழுதி வைக்க வேண்டும். ஓட்டுக்குப் பணம் தர என்னிடம் இல்லை, இருந்தாலும் தர மாட்டேன். இதைப் பக்கத்துக் கடைத் தம்பியிடம் சொன்னபோது, "அக்கா, அப்போ வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்க, ஓட்டு வராது" என்றான். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தால் போதும். அந்தப் பத்து நிமிஷத்தில் மேலே எழுதிய 19 மாதக் கதையைச் சொல்லிவிடுவேன்.

ஜெயித்தால் செய்யப் போவதை எழுதிக் கடை வாசலில் ஒட்டிவிட்டேன். சபையில் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் எந்தப் பக்கம் கை தூக்கினேன், ஏன் என்று மறுநாளே அதே வாசலில் ஒட்டுவேன். எந்த விடுதியிலும் போய் அடைந்து கிடக்க மாட்டேன்.

சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். காண்டிராக்ட் எடுப்பவர் பயப்படுகிறார். மகனுக்கு வேலை கேட்டுக் காத்திருக்கிற அண்ணன் பயப்படுகிறார். கையெழுத்துத்தானே என்று நான் சொல்லலாம். அவர்களுக்கு அது பிழைப்பு.

ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். அன்று மனு கொடுத்த ஆறு பேரில் மூத்தவர் போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். "பத்தாவது ஆளா நான் போடுறேன்" என்றார். அவருக்குக் கையெழுத்துத் தெரியாது. கைநாட்டு என்றால் தேர்தல் அதிகாரி முன்னால்தான் வைக்க வேண்டும், நேரில் வரணும், ஒரு நாள் சம்பளம் போகும் என்று எடுத்துச் சொன்னேன். மருந்துத் தூள் படிந்து ரேகைகள் சாம்பல் நிறமாகிப் போன கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தார். "இது பதியுமா?" என்று கேட்டார்.

தேங்காய் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் கழுவினோம். ஒரு வெள்ளைத் தாளில் மை தொட்டு வைத்துப் பார்த்தோம். முதல் தடவை வெறும் கறையாக வந்தது. மூன்றாவது தடவை கோடுகள் தெரிந்தன. வாக்காளர் பட்டியலில் அவருடைய பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, எந்தத் தேதி என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடும்படி கேட்டுவிட்டுப் போனார்.